ஊசி போட்டுட்டு ஏலத்தோட்டத்துக்குப் போற அக்காவுக்கு: நடைய விட வேணாம், நேரத்த மாத்துங்க

கேள்வி: வணக்கம் டாக்டரம்மா. எனக்கு 49 வயசு, தேனி மாவட்டத்துல கூடலூர் பக்கம். சுகர் வந்து 11 வருசமாச்சு, ரெண்டு வருசமா 30/70 இன்சுலின் காலைல 24 யூனிட், ராத்திரி 14 யூனிட் போடுறேன், கூட மெட்பார்மின் மாத்திரை. வாரத்துல நாலஞ்சு நாள் குமுளி தாண்டி மேல கேரளாவுல ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போவேன். காலைல அஞ்சரைக்கு ஊசியப் போட்டுட்டு ஒரு காப்பியோட ஜீப் ஏறிருவேன், தோட்டத்துல ஒன்பது மணிக்கு மேலதான் சாப்பாடு. சுகர் கொறையவே இல்லன்னு நடக்கச் சொன்னாங்க, அதனால வேலை விட்டு வந்து சாயங்காலம் லோயர் கேம்ப் ரோட்டுல பக்கத்து வீட்டு அக்காமாரோட நடக்க ஆரம்பிச்சேன். போன மாசம் ஒரு நாள் நடக்குறப்ப உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, கண்ணு இருட்டி உக்காந்துட்டேன். சுகர்காரம்மான்னு சொல்லி டீக்கடைல சீனி போடாத கட்டன் (பால் இல்லாத டீ) குடுத்தாங்க, வீட்டுக்கு வந்து சோறு தின்னப்புறம்தான் தெளிஞ்சது. அன்னிக்கு ராத்திரி ரெண்டு மணிக்கும் துணி நனையுற அளவு வேர்வை. வீட்டுக்காரர் நடையே வேணாங்குறார். அவருக்கும் சுகர், மூணு மருந்து சேந்த மாத்திரை மட்டும்தான், வெறும் வயித்துல காலைல ஒரு மணி நேரம் நடக்குறார், ஒண்ணும் ஆகல. ஞாயித்துக்கிழமை மட்டும் மேல கேரளா பக்கம் போயி கொஞ்சம் கள்ளு குடிப்பார். எனக்கு பயம் வந்து இப்ப வேலை நாள்ல காலை ஊசிய விட்டுர்றேன். நான் நடக்கலாமா, வேணாமா? சித்ரா பௌர்ணமிக்கு பளியங்குடி வழியா கண்ணகி கோயில் ஏறணும்னு ரொம்ப நாள் ஆசை, போலாமா?

பதில்:

அக்கா, வணக்கம். மொதல்ல ஒண்ணு சொல்லிர்றேன், நடைய விடாதீங்க, ஊசியையும் விடாதீங்க. அன்னிக்கு உங்களுக்கு ஆனது நடந்ததால மட்டும் ஆனதில்ல. ஊசி ஒரு நேரத்துல வேலை செஞ்சது, சாப்பாடு வேற நேரத்துல போச்சு, உடம்பு உழைச்சது இன்னொரு நேரம், இந்த மூணும் ஒத்து வரல. அத சரி பண்ணிட்டா நீங்க தோட்டத்துக்கும் போலாம், நடக்கவும் செய்யலாம், மலையும் ஏறலாம்.

நீங்க எழுதுனதப் பாத்தா அது சுகர் தாழ்ந்து போனதுதான்னு கிட்டத்தட்ட நிச்சயமா சொல்லுவேன். வேர்வை, நடுக்கம், கண்ணு இருட்டுறது, சோறு சாப்ட்டதும் தெளியுறது, எல்லாமே அதோட அடையாளம்தான். 70க்கு கீழ போனா அது தாழ்சர்க்கரை, 54க்கு கீழ போனா ஆபத்து, மூளைக்கு சர்க்கரை பத்தாம பேச்சு குழறும், ஆள் அடையாளம் தெரியாது, சில பேர் கோவமா கத்துவாங்க, வலிப்பு கூட வரலாம். அந்த நேரத்துல சீனி போடாத கட்டன் குடுத்திருக்காங்க, அது உங்க மேல உள்ள அக்கறைலதான் குடுத்தது, எனக்குப் புரியுது, ஆனா அந்த நிமிசத்துல உங்களுக்குத் தேவைப்பட்டது சீனி மட்டும்தான். சுகர்காரங்களுக்கு சீனியே ஆகாதுன்னு நம்ம ஊர்ல ஆழமா பதிஞ்சு போச்சு. சுகர் தாழ்ந்தவங்களுக்கு சீனிதான் மருந்து, கூட நடக்குற அக்காமாருக்கும் அந்த டீக்கடைக்காரருக்கும் இத நீங்களே சொல்லி வைங்க, அடுத்து வேற யாருக்காவது உதவும்.

சரி, ஏன் சாயங்காலம், ஏன் ராத்திரி ரெண்டு மணின்னு கேப்பீங்க. நீங்க போடுற 30/70 ஊசில ரெண்டு விதமான இன்சுலின் கலந்திருக்கு. 30 பங்கு சீக்கிரம் வேலை செய்யுறது, போட்ட அரை மணி நேரத்துல ஆரம்பிச்சு ரெண்டு மூணு மணி நேரத்துல உச்சத்துக்கு வந்துரும். மீதி 70 பங்கு மெதுவா வேலை செய்யுறது, அது நாலு மணி நேரத்துல இருந்து பத்து மணி நேரம் வரைக்கும் கூட நல்லா இழுக்கும், அதுக்கு மேலயும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். இப்ப உங்க நாளை வச்சுப் பாருங்க. அஞ்சரைக்கு ஊசி, வெறும் காப்பி, ஆறு மணிக்கு ஜீப்பு, ஏழரை எட்டு மணிக்கு அந்த சீக்கிரம் வேலை செய்யுற பங்கு உச்சத்துல நிக்குது, வயித்துல ஒண்ணும் இல்ல, நீங்க சரிவுல ஏறி இறங்கிக்கிட்டு இருக்கீங்க. ஒன்பது மணி வரைக்கும் தாக்குப் பிடிச்சதே உங்க சுகர் காலைல கூடுதலா இருந்ததாலதான். அப்புறம் மதியம் பன்னெண்டு ஒரு மணிக்கு சாப்ட்டுட்டு நாள் பூரா குனிஞ்சு காய் எடுத்து, களை வெட்டி, சாக்கு தூக்கி, சாயங்காலம் இறங்கி வர்றப்ப மெதுவா வேலை செய்யுற பங்கு இன்னும் ரத்தத்துல இருக்கு, மதிய சோறு செரிச்சு முடிஞ்சுருச்சு, இடையில ஒண்ணும் சாப்பிடல, அதுக்கு மேல ஒரு நடை. விழாம இருந்தாத்தான் ஆச்சரியம்.

ராத்திரி வேர்த்தது வேற கணக்கு. நம்ம தசைக்குள்ள சர்க்கரைய சேத்து வச்சிருக்கும், உழைக்குறப்ப அத எடுத்து எரிச்சிரும், வேலை முடிஞ்சப்புறம் ரத்தத்துல இருந்து உறிஞ்சி மறுபடியும் நெரப்பிக்கும். இது ரெண்டு மூணு மணி நேரத்துல முடியுறதில்ல, நல்ல உழைப்பா இருந்தா 24 மணி நேரம், சில சமயம் 48 மணி நேரம் கூட தசை சர்க்கரைய இழுத்துக்கிட்டே இருக்கும், இன்சுலினுக்கும் உடம்பு நல்லா கட்டுப்படும். உடற்பயிற்சியோட பெரிய நன்மையே இதுதான், ஆனா ஊசி போடுறவங்களுக்கு அதுவே ராத்திரில சுகர் இறங்குற காரணமாவும் ஆகிருது. நீங்க ராத்திரி போட்ட 14 யூனிட்டோட மெதுவான பங்கு நடு ராத்திரில உச்சத்துக்கு வருது, அதே நேரத்துல தசையும் உறிஞ்சுது. அதான் ரெண்டு மணிக்கு துணி நனைஞ்சது. அதுவும் தாழ்சர்க்கரையாத்தான் இருக்கும். மாத விடாய் நிக்குற வயசுலயும் ராத்திரி வேர்க்கும், அதனால ரெண்டையும் குழப்பிக்காம ஒரு தடவை அந்த நேரத்துல எந்திரிச்சு சுகர் பாக்குற மிசின்ல பாத்துருங்க, தெரிஞ்சுரும்.

இப்ப நான் முக்கியமா சொல்ல வர்றது. தோட்ட வேலையும் உடற்பயிற்சிதான் அக்கா. டாக்டர் நடங்கன்னு சொன்னா நம்ம ஆளுங்க செருப்பப் போட்டு ரோட்டுல நடக்குறத மட்டும்தான் கணக்குல எடுத்துக்குறாங்க. வாரத்துக்கு 150 நிமிசம் மிதமான உழைப்பு வேணும்னு சொல்றோம், நீங்க ரெண்டு நாள்ல அத தாண்டிர்றீங்க. உங்களுக்கு மருந்து எழுதுனவங்க உங்கள வீட்டு வேலை பாக்குற அம்மான்னு நெனச்சு எழுதியிருக்கலாம், ஏலத்தோட்டத்துல வேலைன்னு நீங்க சொல்லாம விட்டிருக்கலாம், அவங்களும் கேக்காம விட்டிருக்கலாம். தோட்டத்துக்குப் போற நாளும் வீட்டுல இருக்குற நாளும் உங்க உடம்புக்கு ஒண்ணு கிடையாது, ஆனா ஊசி மட்டும் ரெண்டு நாளும் ஒரே அளவு. ஆடி ஆவணில இருந்து தை மாசி வரைக்கும் காய் எடுப்பு இருக்குறப்ப ஒரு கணக்கு, கோடைல வேலை கொறஞ்சு வீட்டுல இருக்குறப்ப வேற கணக்கு. இந்த வித்தியாசத்த உங்க டாக்டர்கிட்ட விவரமா சொல்லி, வேலை நாளுக்கு ஒரு அளவு, ஓய்வு நாளுக்கு ஒரு அளவுன்னு தனித்தனியா எழுதி வாங்குங்க. இந்தப் பக்கத்துல தோட்டத்துக்குப் போற ஒவ்வொரு சுகர் பேஷண்ட்டும் இத கேட்டு வாங்கணும்னு நான் நெனைக்கிறேன்.

பொதுவா இந்த மாதிரி கஷ்டமான வேலை நாள்ல காலை ஊசிய 10ல இருந்து 20 சதவீதம் கொறச்சு ஆரம்பிப்போம், உங்க 24 யூனிட்டுக்கு அது ரெண்டுல இருந்து அஞ்சு யூனிட் வரைக்கும் கொறைவு. ராத்திரி வேர்த்தத வச்சுப் பாத்தா ராத்திரி ஊசியையும் கொஞ்சம் கொறைக்க வேண்டியிருக்கும். ஆனா எவ்வளவுங்குறத உங்க ரீடிங் பாத்து, கிட்னி டெஸ்ட் பாத்து உங்க டாக்டர்தான் முடிவு பண்ணணும், நான் எழுதுனத வச்சு நீங்களே கொறைக்காதீங்க. கிட்னி கொஞ்சம் மந்தமா இருந்தா இன்சுலின் உடம்புல ரொம்ப நேரம் தங்கும், அதுவும் தாழ்சர்க்கரைக்கு ஒரு காரணம், வருசத்துக்கு ஒரு தடவை கிரியாட்டினினும் யூரின்ல புரோட்டீனும் பாத்துருங்க.

ஊசியவே விட்டுர்றது தப்பு. இன்சுலின் சுத்தமா இல்லாம உழைச்சா தசைக்குள்ள சர்க்கரை சரியா போகாது, கல்லீரல் பாட்டுக்கு சர்க்கரைய ரத்தத்துல கொட்டிக்கிட்டே இருக்கும், நீங்க வேலை செஞ்சும் சுகர் ஏறும், நாக்கு வறண்டு, அடிக்கடி யூரின் போயி, உடம்புல தண்ணி வத்தி, அசதில சாயங்காலம் எந்திரிக்க முடியாது. சாயங்காலம் 300ன்னு பாத்து பயந்து ராத்திரி கூடுதலா போட்டா ரெண்டு மணிக்கு மறுபடியும் வேர்க்கும்.

அதனால மொத வேலை, காலைல ஊசிக்கும் சாப்பாட்டுக்கும் உள்ள இடைவெளிய சரி பண்ணுங்க. இந்த 30/70 ஊசி போட்டா அரை மணி நேரத்துல சாப்பிடணும், அதுதான் கணக்கு. அஞ்சு மணிக்குப் போட்டு அஞ்சரைக்கு ரெண்டு மூணு இட்லியோ, முந்தின நாளு மாவுல ஒரு தோசையோ, ஒண்ணும் இல்லன்னா கம்மங்கூழோ சாப்ட்டுட்டு ஜீப் ஏறுங்க. அவ்வளவு வெள்ளன சாப்பாடு இறங்காதுன்னு நெறய பேர் சொல்லுவாங்க, எனக்குத் தெரியும். அப்படின்னா சாப்பிடுறப்ப அப்பவே போட்டுக்குற மாதிரி வேற வகை கலந்த இன்சுலின் பேனால வருது, அத தோட்டத்துக்கே எடுத்துட்டுப் போயி ஒன்பது மணி சாப்பாட்டோட போடலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. திறந்த பேனாவ ஃப்ரிட்ஜ் இல்லாமலே நாலு வாரம் வச்சிருக்கலாம், 30 டிகிரி தாண்டாம இருந்தா போதும், மேல மலைல அந்தக் கவலை இல்ல, ஆனா வெயில்ல நிக்குற ஜீப்போட டேஷ்போர்டுல வச்சிராதீங்க. பேனா கொஞ்சம் செலவு கூட ஆகும், அதையும் யோசிச்சுக்கங்க.

சாயங்காலம் மூணரை நாலு மணிக்கு கட்டாயம் ஏதாவது சாப்பிடுங்க, ஒரு கை சுண்டலோ, ஒரு சின்ன வாழைப்பழமோ, ரெண்டு மூணு பிஸ்கட்டோ. சின்ன வாழைப்பழத்துல ஏறக்குறைய 15 கிராம் மாவுச்சத்து இருக்கும், நேந்திரம்பழம் முழுசா ஒண்ணு தின்னா அதுல ரெண்டு பங்குக்கு மேல, அதனால பாதி போதும். தோட்டத்துல மதியம் கப்பக்கிழங்கு கெடச்சா அதையும் சோத்தையும் சேத்து சாப்பிடாதீங்க, ஏதாவது ஒண்ணு, கூட மீனோ முட்டையோ பயறோ இருந்தா சர்க்கரை மெதுவா ஏறும், ரொம்ப நேரம் நிக்கும்.

வேலை நாள்ல சாயங்கால நடை வேணவே வேணாம். அதுக்குப் பதிலா ராத்திரி சாப்ட்டப்புறம் தெருவுல பத்து பதினஞ்சு நிமிசம் பைய நடங்க, சாப்பாட்டுக்கு அப்புறம் ஏறுற சுகர இது நல்லா அமுக்கும், வயித்துல சாப்பாடு இருக்குறதால தாழுற பயமும் கொறைவு. வேலை இல்லாத நாள்ல காலைச் சாப்பாடு முடிஞ்சு ஒரு மணி நேரம் கழிச்சு அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் நல்லா வீசி நடங்க. தொடர்ந்து ரெண்டு நாளைக்கு மேல உடம்ப சும்மா வைக்காதீங்க, கோடைல வேலை கொறையுறப்பதான் இது ரொம்ப முக்கியம், அப்ப நடையும் இல்லாம தோட்டமும் இல்லாம இருந்தா சுகர் சட்டுன்னு ஏறிரும்.

நடக்குறதுக்கு முன்னாடி மிசின்ல பாருங்க. 100க்கு கீழ இருந்தா ஒரு வாழைப்பழமோ மூணு பிஸ்கட்டோ சாப்ட்டு கால் மணி நேரம் கழிச்சு நடங்க. 100ல இருந்து 250 வரைக்கும் தைரியமா நடக்கலாம். 250க்கு மேல இருந்து உடம்பு நல்லா இருந்தா தண்ணி குடிச்சுட்டு மெதுவா நடக்கலாம், 300 தாண்டி இருந்தாலோ, காய்ச்சல், வாந்தி, வயித்து வலி இருந்தாலோ அன்னிக்கு நடை வேணாம், ஆஸ்பத்திரிக்குப் போங்க. இது உங்கள மாதிரி டைப் 2 ஆளுங்களுக்கு. சின்ன வயசுலயே வந்த டைப் 1 பிள்ளைங்களுக்கு 250 தாண்டுனா கீட்டோன் (இன்சுலின் பத்தாதப்ப ரத்தத்துல சேர்ற அமிலம்) பாக்காம விளையாடவே விடக் கூடாது, படிக்கிறவங்க யாராவது அப்படி பிள்ளை வச்சிருந்தா கவனிங்க.

சட்டைப் பையிலயோ முந்தானை முடிச்சிலயோ எப்பவும் குளுக்கோஸ் பவுடர் இருக்கணும். நடுக்கமோ வேர்வையோ வந்தா நடைய நிறுத்தி உக்காந்து, முடிஞ்சா மிசின்ல பாத்து, மிசின் இல்லன்னா பாக்கக் காத்திருக்காம, மூணு டீஸ்பூன் குளுக்கோஸ தண்ணில கலக்கி குடிங்க, அது ஏறக்குறைய 15 கிராம். 15 நிமிசம் கழிச்சு மறுபடியும் பாருங்க, இன்னும் 70க்கு கீழ இருந்தா இன்னொரு தடவை. தெளிஞ்சப்புறம் இட்லி, சோறுன்னு ஏதாவது சாப்பிடணும், இல்லன்னா குளுக்கோஸ் எரிஞ்சு முடிஞ்சதும் மறுபடியும் இறங்கும். சாக்லேட், பால், முறுக்கு இதெல்லாம் அந்த நேரத்துக்கு ஆகாது, கொழுப்பு இருக்குறதால சர்க்கரை ரத்தத்துல ஏற நேரமாகும். தாழ்ந்த அன்னிக்கு மிச்ச நடைய விட்டுருங்க, மயங்குற அளவுக்குப் போயிருந்தா மறுநாளும் கடுமையான வேலை வேணாம், ஒரு தடவை நல்லா தாழ்ந்தா அடுத்த தடவை உடம்பு எச்சரிக்கை குடுக்குறது மந்தமாயிரும், வேர்வையே வராம நேரா மயக்கம் வரும். நெனவு இல்லாம கெடக்குறவங்க வாயில எதையும் ஊத்தக் கூடாது, தண்ணி கூட, மூச்சுக் குழாய்க்குள்ள போயிரும். ஒருக்களிச்சுப் படுக்க வச்சுட்டு 108க்கு போன் பண்ணணும், தமிழ்நாட்டுப் பக்கமும் கேரளாப் பக்கமும் அதே 108தான். தோட்டத்துக்குள்ள ஆம்புலன்ஸ் வர நேரமாகும்னா ஜீப்புலயே ஏத்திட்டுப் போயிரணும். இத கங்காணிக்கும், கூட வேலை பாக்குறவங்களுக்கும், ஜீப் ஓட்டுற தம்பிக்கும் சொல்லி வைங்க. ஒரு சின்ன அட்டைல உங்க பேரு, இன்சுலின் போடுறவங்க, மயங்கி இருந்தா உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும், வீட்டு போன் நம்பர்னு தமிழ்லயும் மலையாளத்துலயும் எழுதி பர்ஸுல வச்சுக்கங்க, மேல நெறய பேருக்கு தமிழ் படிக்கத் தெரியாது.

உங்க வீட்டுக்காரர் விசயத்துக்கு வர்றேன், உங்களவிட அவரப் பத்திதான் எனக்குக் கொஞ்சம் கவலையா இருக்கு. மூணு மருந்து சேந்த மாத்திரைன்னு எழுதியிருக்கீங்க, பேரு எழுதல, ஆனா நம்ம ஊர்ல அப்படி அதிகமா குடுக்குறது கிளிமிபிரைட், மெட்பார்மின், வோக்ளிபோஸ் இந்த மூணும் சேந்ததுதான். அட்டைய எடுத்துப் படிங்க. மெட்பார்மின் தனியா சுகர தாழ விடுறது ரொம்ப அபூர்வம், ஆனா கிளிமிபிரைட் கணையத்தத் தூண்டி இன்சுலின சுரக்க வைக்குற மாத்திரை, சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் அது தூண்டும், அதப் போட்டுட்டு வெறும் வயித்துல ஒரு மணி நேரம் நடந்தா அவருக்கும் தாழும். மாத்திரைய நடைக்கு அப்புறம் காலைச் சாப்பாட்டோட போடுறாரா, எந்திரிச்சதும் போட்டுட்டு நடக்குறாரான்னு கேளுங்க. நடந்து வந்து சாப்பாட்டோட போட்டா பயம் கொறைவு. எந்திரிச்சதும் போடுறார்னா இன்னிக்கே மாத்தணும், ஊசி இல்லாததால ஒண்ணும் ஆகாதுன்னு அவர் நெனைக்குறது சரியில்ல.

வோக்ளிபோஸ் இருந்தா இன்னொரு விசயம், இது பல பேருக்குத் தெரியாது. அந்த மருந்து குடல்ல சீனிய உடைக்க விடாம தடுக்கும். அதனால சுகர் தாழ்ந்தப்ப சீனித் தண்ணி, வெல்லம், மிட்டாய் குடுத்தா ஏற ரொம்ப நேரமாகும், அவருக்கு குளுக்கோஸ் பவுடர்தான் குடுக்கணும், குளுக்கோஸ் உடைய வேண்டியதில்ல, நேரா ரத்தத்துல போயிரும். வீட்டுல ஒரு டப்பா குளுக்கோஸ் வாங்கி வச்சுட்டா ரெண்டு பேருக்கும் ஆச்சு. அப்புறம் அந்த ஞாயித்துக்கிழமை கள்ளு. ராத்திரி பூரா சுகர் தாழாம காப்பாத்துறது கல்லீரல்தான், அது கொஞ்சம் கொஞ்சமா சர்க்கரைய விட்டுக்கிட்டே இருக்கும். கள்ளோ சாராயமோ உள்ள போனா கல்லீரல் அதக் கழிக்குற வேலைல எறங்கி சர்க்கரை விடுறத நிறுத்திரும். அன்னிக்கு ராத்திரியும் மறுநாள் விடியக்காலைலயும் தாழும், அதோட திங்கக்கிழமை வெறும் வயித்துல நடை வேற. தள்ளாடுறத பாத்தா போதைன்னு விட்டுருவாங்க, யாருக்கும் சந்தேகமே வராது. குடிக்காம இருந்தா நல்லது, அது முடியலன்னா சாப்பிடாம குடிக்கக் கூடாது, மறுநாள் சாப்பிடாம நடக்கக் கூடாது. அவர இத படிக்கச் சொல்லுங்க.

பிபி மாத்திரை நீங்க சாப்பிடுறதா எழுதல, ஆனா அட்டனோலால், மெட்டோப்ரோலால் மாதிரி மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு சுகர் தாழ்ந்தா படபடப்பும் நடுக்கமும் தெரியாம போயிரும், வேர்வை மட்டும்தான் காட்டிக் குடுக்கும்.

ஊசி போடுற விதத்துலயும் சிலது பாக்கணும். வேலை நாள்ல தொடையில போடாதீங்க, தொடைச் சதை உழைக்குறப்ப ரத்த ஓட்டம் கூடி மருந்து வேகமா இறங்கிரும், வயித்துல தொப்புளச் சுத்தி ரெண்டு விரக்கடை விட்டுப் போடுங்க, தெனமும் இடத்த மாத்துங்க. ஒரே இடத்துல போட்டு கட்டி தட்டியிருந்தா அங்க போடுற மருந்து ஒரு நாள் இறங்காது, ஒரு நாள் மொத்தமா இறங்கும். பாட்டில உள்ளங்கை நடுவுல வச்சு பத்து தடவையாவது உருட்டி, பால் மாதிரி ஒரே வெள்ளையா ஆனப்புறம் உறிஞ்சுங்க, உருட்டாம எடுத்தா ஒரு நாள் ஒரு பங்கு கூட, ஒரு நாள் கொறைய வரும். இன்னும் முக்கியமானது சிரிஞ்சு. நம்ம பாட்டில்ல பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட்னு இருக்கும், அதுக்கு சிவப்பு மூடி போட்ட 40 சிரிஞ்சு. 100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி போட்ட 100 சிரிஞ்சு. ஒரு தடவை கம்பத்துலயும் ஒரு தடவை குமுளியிலயும் வாங்குறவங்க பாட்டிலும் சிரிஞ்சும் ஒண்ணுக்கொண்ணு பொருந்துதான்னு ஒவ்வொரு தடவையும் பாக்கணும். 100 யூனிட் மருந்த 40 சிரிஞ்சுல எடுத்தா ரெண்டரை மடங்கு மருந்து உள்ள போயிரும், உசுருக்கே ஆபத்து.

மிசின்ல பாக்குறப்ப சோப்பு போட்டு கை கழுவி நல்லாத் தொடச்சுட்டுப் பாருங்க. பலாச்சுளையோ வாழைப்பழமோ தொட்ட விரல்ல குத்துனா 100 இருக்க வேண்டியது 200ன்னு காட்டும், குளுக்கோஸ் கலக்குன கையும் அப்படித்தான். ஸ்ட்ரிப் டப்பாவ திறந்து போடாதீங்க, மழைக்காலத்து ஈரத்துல கெட்டுப்போயிரும். ஸ்ட்ரிப் வெலை எல்லாருக்கும் கட்டுப்படியாகாதுன்னு தெரியும், அதனால தெனமும் வேணாம். ரெண்டு வாரத்துக்கு மட்டும், வாரத்துல ஒரு வேலை நாள், ஒரு ஓய்வு நாள் எடுத்து, அந்த நாள்ல காலை வெறும் வயித்துல, சாயங்காலம் வேலை விட்டதும், படுக்கப் போறப்ப, ராத்திரி ரெண்டு மூணு மணிக்குன்னு நாலு தடவை பாத்து எழுதுங்க. படுக்குறப்ப 100க்கு கீழ இருந்தா ஏதாவது சாப்ட்டுட்டுப் படுங்க. மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கு வர்ற தங்கச்சி பகல்ல வர்றப்ப நீங்க தோட்டத்துல இருப்பீங்க, ஞாயித்துக்கிழமை இருப்பேன்னு சொல்லி வச்சா ஒரு ரீடிங் அதுலயும் கெடைக்கும்.

பாதத்தப் பத்தி ஒரு வார்த்தை. 11 வருசமா சுகர் இருக்கு, கால் மரத்துப் போற மாதிரியோ, பஞ்சு மேல நடக்குற மாதிரியோ இருந்தா சொல்லுங்க. அப்படி மரத்த காலுக்கு மழைக்காலத்துல தோட்டத்துல அட்டை கடிச்சது, முள்ளு குத்துனது எதுவும் உறைக்காது. காலுறை போட்டு மூடுன செருப்பு போடுங்க, சாயங்காலம் விரலிடுக்கு வரைக்கும் வெளிச்சத்துல பாருங்க.

கண்ணகி கோயில் ஆசை நியாயமானது, வருசத்துக்கு ஒரே ஒரு நாள்தான் விடுறாங்க, ஏறுங்கன்னுதான் சொல்லுவேன். பளியங்குடி வழி ஆறு கிலோமீட்டருக்கு மேல ஏத்தம், தோட்டத்துல நடந்து பழகுன காலு உங்களுக்கு, ஆனா அதுக்கு முன்னாடி மூணு வேலை இருக்கு. ஒரு ஈசிஜி எடுத்துருங்க, சுகர்காரங்களுக்கு நெஞ்சு வலியே இல்லாம இதய நோய் இருக்கலாம், ஏத்தத்துல மூச்சு வாங்குறது வழக்கத்துக்கு மேல இருந்தா, தாடை, தோள்பட்டை, நெஞ்சுல இறுக்கம் வந்தா டாக்டர் பாத்து சரின்னு சொன்னப்புறம்தான் ஏறணும். கண்ணு டாக்டர்கிட்ட விழித்திரையப் பாத்துருங்க, உள்ள ரத்தக் கசிவு இருந்தா கடுமையா ஏறுறதும் பாரம் தூக்குறதும் கூடாது. அப்புறம் வேலை நாள் ஊசி அளவு சரியா அமைஞ்சு, ரெண்டு மூணு வாரமா ராத்திரி தாழாம இருக்கணும்.

அன்னிக்கு விரதம் வேணாம், ஊசி போடுற நீங்க பட்டினியா ஏறக் கூடாது, சாமிக்கு நேந்துக்கிட்டா கூட சைவச் சாப்பாடா மூணு வேளையும் சாப்ட்டு இருங்க. காலை ஊசி அளவ அன்னிக்குன்னே தனியா டாக்டர்கிட்ட கேட்டு வச்சுக்கங்க, வேலை நாளவிடவும் கொறைவா இருக்கலாம். சாப்ட்டுட்டு ஏற ஆரம்பிங்க, ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை நின்னு பாருங்க, 120க்கு கீழ இறங்கிக்கிட்டே போனா ஒரு வாழைப்பழம். மேல வரிசைல எவ்வளவு நேரம் நிப்போம்னு சொல்ல முடியாது, அன்னதானத்த நம்பி போகாம புளிச்சோறோ எலுமிச்சைச் சோறோ கட்டி எடுத்துட்டுப் போங்க, குளுக்கோஸும் தண்ணியும் உங்க கையிலயே இருக்கணும், கூட வர்றவங்க பையில இருந்தா கூட்டத்துல அவங்க முன்ன பின்ன போயிருவாங்க. வெறுங்கால்ல ஏறாதீங்க. இறங்குறதும் உழைப்புதான், முட்டிக்கு பாரம் கூட, அதனால இறங்குறதுக்கு முன்னாடியும் சாப்பிடுங்க. வீட்டுக்கு வந்து அசந்து படுத்துருவீங்க, அன்னிக்கு ராத்திரிதான் உண்மையான ஆபத்து, ராத்திரி ஊசி அளவையும் முன்னாடியே கேட்டு வச்சுக்கிட்டு, படுக்குறப்ப 120க்கு மேல இருக்குறதப் பாத்துட்டு, ரெண்டு மணிக்கு அலாரம் வச்சு எந்திரிச்சுப் பாருங்க. வீட்டுக்காரரயும் எழுப்பச் சொல்லுங்க.

வர்ற வாரமே உங்க டாக்டரப் பாருங்க, பௌர்ணமி வரைக்கும் தள்ளாதீங்க. போறப்ப ரீடிங் எழுதுன நோட்டு, இன்சுலின் பாட்டில், போடுற சிரிஞ்சு, வீட்டுக்காரரோட மாத்திரை அட்டை எல்லாத்தையும் பையில போட்டு எடுத்துட்டுப் போங்க, அவரயும் கூட்டிட்டுப் போங்க. அதுவரைக்கும் ஊசிய விடாம, அஞ்சரைக்கு சாப்ட்டுட்டு ஜீப் ஏறுங்க, சாயங்கால நடைய மட்டும் நிறுத்தி வைங்க. அதுக்குள்ள மறுபடியும் ஒரு தடவை 70க்கு கீழ இறங்குனா காத்திருக்க வேணாம், அன்னிக்கே போன் பண்ணி அளவக் கேட்டுக்கங்க.